ஜப்பானில் தேநீர்க் கலை மன்றத்தில் சேருவது எப்படி: முதலாண்டு மாணவருக்கான வழிகாட்டி

ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'ஸாதோபு' என்றொரு மாணவர் மன்றம் உண்டு. 'ஸாதோ' என்றால் தேநீர்க் கலை, 'பு' என்றால் மன்றம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் தத்தாமிப் பாய் விரித்த அறையில் கூடி, மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் அடித்து விருந்தினருக்குக் கொடுக்கும் முறையைப் பழகுவார்கள். பயிற்சிக்கு 'கேய்கோ' என்று பெயர். பெரும்பாலும் வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து கற்றுத்தருவார். ஆசிரியர் வராத நாட்களில் மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே தேநீர் அடிக்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். பல மன்றங்களில் அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை துணி மடிப்பது, நடப்பது, உட்காருவது, விருந்தினராக இருந்து குடிப்பது, பின்கட்டில் கிண்ணம் கழுவுவது ஆகியவைதான் பாடம். இது தெரியாமல் வருகிறவர்களில் சிலர் மே மாதத்துக்குள் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது: எந்த மரபு?

தேநீர்க் கலையில் பல மரபுகள் உண்டு. 1591-இல் இறந்த தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் வழிவந்தவை மூன்று: ஓமோதேசென்கே, உரசென்கே, முஷாகோஜிசென்கே. ரிக்யூவின் பேரன் சோதானுடைய மகன்கள் மூவரிடமிருந்து இவை பிரிந்தன. மூன்றுக்கும் தலைமையிடம் கியோட்டோ. இவை தவிர என்ஷூ, யாபுனோஉச்சி, செகிஷூ போன்ற மரபுகளும் இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் மரபுக்கு ஒன்றாக இரண்டு மூன்று மன்றங்கள்கூடச் செயல்படும்.

எந்த மரபு என்று தெரியாமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள், ஒரு காணொளியும் பார்த்துப் பழகாதீர்கள். உரசென்கேயில் அறைக்குள் வலது காலை முதலில் வைப்பார்கள், ஓமோதேசென்கேயில் இடது காலை. உரசென்கேயில் தேநீரின் மேற்பரப்பு முழுக்க மெல்லிய நுரை படர வேண்டும். ஓமோதேசென்கேயில் ஒரு பக்கம் பிறை வடிவில் நுரையில்லாமல் விடுவார்கள். மாட்சா அடிக்கும் மூங்கில் துடைப்பமான 'சாசென்'கூட வேறு: உரசென்கேக்கு வெள்ளை மூங்கில், ஓமோதேசென்கேக்குப் புகை படிந்த பழுப்பு மூங்கில், முஷாகோஜிசென்கேக்குக் கருமூங்கில். இணையத்தில் ஒரு மரபைப் பார்த்துக் கைப்பழக்கமாக்கிக்கொண்டு இன்னொரு மரபின் மன்றத்துக்குப் போனால், ஒன்றும் தெரியாமல் வந்தவரைவிட உங்களுக்குத்தான் கஷ்டம். பழகிய கையைத் திருத்த இரட்டிப்பு நாள் பிடிக்கும்.

கீழே சொல்லும் விவரங்களில் மரபுக்கு மரபு மாறுபவை உரசென்கே முறைப்படி உள்ளவை. உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி.

சேரும் காலம்

ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த மாதம் முழுக்க 'ஷின்கான்' எனப்படும் புதுமாணவர் வரவேற்புக் காலம். மன்றங்கள் துண்டுச் சீட்டு கொடுக்கும், இலவசமாகத் தேநீரும் இனிப்பும் கொடுத்து உட்காரவைக்கும். இப்படிப்பட்ட அமர்வுக்கு இரண்டு மூன்று முறை போனாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். போகும்போது இவற்றைக் கேட்டு வையுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி வரை? ஆசிரியர் எப்போது வருவார்? கட்டணம் மாதத்துக்கா, அரையாண்டுக்கா? அதில் மாட்சா, இனிப்புச் செலவு அடங்குமா? சொந்தமாகக் கிமோனோ வேண்டுமா? ஆய்வகம், தேர்வு என்று வர முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்ப்பார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். சில மன்றங்கள் இளங்கலை மாணவர்களை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டு மாணவர்கள் பலர் அக்டோபரில்தான் வந்து சேர்கிறார்கள். அப்போதும் சேரலாம், மின்னஞ்சலிலோ மன்றத்தின் சமூக வலைத்தளப் பக்கத்திலோ எழுதிக் கேட்டால் போதும். ஆனால் இலையுதிர்காலப் பல்கலைக்கழக விழாவுக்கு மன்றம் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் அது. உட்கார்ந்து அடிப்படை சொல்லித்தர யாருக்கும் அவகாசம் இருக்காது. நேராகப் பின்கட்டு வேலையில் இறக்கிவிடுவார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம். கிண்ணங்களின் பெயரும் முகமும் அங்கேதான் மனதில் பதியும்.

இன்னொரு குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெந்நீர்க் கெண்டி, தரையில் பதித்த 'ரோ' என்னும் அடுப்பில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தரைமேல் வைக்கும் 'ஃபுரோ' அடுப்பில் இருக்கும். அடுப்பு மாறினால் உட்காரும் கோணமும், பொருட்கள் வைக்கும் இடமும், வெந்நீர் மொள்ளும் மூங்கில் அகப்பையைக் கையாளும் விதமும் மாறும். ஏப்ரலில் சேர்ந்தவர் மூத்தவர்கள் செய்வதைப் பார்த்து மனதில் வாங்கியதெல்லாம் மே மாதம் மாறிப்போகும். நீங்கள் தப்பாகக் கற்கவில்லை, அடுப்புதான் மாறியிருக்கிறது.

வாங்க வேண்டியவை

முதல் மாதம் மன்றமே இரவல் தரும். சேருவது உறுதியான பிறகு, மன்றத்தின் வழியாகவே வாங்குங்கள். இவை போதும்:

ஃபுகுஸா: பாத்திரங்களைத் துடைக்கும் பட்டுத் துணி. ஏறக்குறைய 27-க்கு 28 செ.மீ. நான்கு ஓரங்களில் மூன்று தைத்திருக்கும், ஒன்று துணியின் மடிப்பாகவே இருக்கும். அந்த மடிப்பு ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லா மடிப்பும் தொடங்கும். ஆண்களுக்கு ஊதா. பெண்களுக்கு உரசென்கேயில் சிவப்பு, ஓமோதேசென்கேயில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. தண்ணீர் படக்கூடாது, துவைக்கவும் கூடாது.

காய்ஷி: இனிப்பை வைத்துச் சாப்பிடும் வெள்ளைத் தாள் கட்டு. பெண்களுக்கானது 14.5-க்கு 17.5 செ.மீ., ஆண்களுக்கானது அதைவிடப் பெரியது. இனிப்பு வெட்டும் சிறு குச்சியும் இதோடு வேண்டும்.

விசிறி: பெண்களுக்குச் சுமார் 15 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 18 செ.மீ. இதை விரித்து வீசிக்கொள்ளவே கூடாது, எவ்வளவு வியர்த்தாலும். வணங்கும்போது முழங்காலுக்கு முன்னால் மூடியபடி வைத்து, உங்களுக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையே எல்லை போடுவதற்கான பொருள் இது.

இவற்றையெல்லாம் செருகி வைக்கும் உறை, ஒரு ஜோடி சுத்தமான வெள்ளைக் காலுறை. காலுறையை அறை வாசலில்தான் மாட்ட வேண்டும், தெருவில் போட்டு வந்ததோடு உள்ளே போகக்கூடாது. வெறுங்காலும் கூடாது. காலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் பாயில் கறையாகும்.

உடையும் அணிகளும்

சேய்ஸா நிலையில், அதாவது வஜ்ராசனம் போல, உட்கார்ந்தால் முழங்கால் மறைய வேண்டும். தடித்த ஜீன்ஸ் முழங்காலுக்குப் பின்னால் மடிந்து இரத்த ஓட்டத்தை அழுத்தும், கால் சீக்கிரம் மரத்துப்போகும். தளர்ந்த கால்சட்டை நல்லது. இடுப்பில் பெல்ட் இருந்தால் ஃபுகுஸாவை இடப்பக்கம் செருகிக்கொள்ளலாம். சுடிதாரில் போகிறவர்கள் துப்பட்டாவை வெளியே வைத்துவிடுங்கள், குனிந்து வணங்கும்போது கிண்ணத்தில் விழும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். அலங்காரத்தைப் பற்றிய விதி இல்லை இது. பழைய கிண்ணத்தின் மெருகில் கல் மோதிரம் போடும் கீறல் போகவே போகாது. நீண்ட சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். மெட்டி காலுறைக்குள் இருப்பதால் சிக்கலில்லை. வாசனைத் திரவியம் வேண்டாம், தலையில் மல்லிகையும் வேண்டாம். அறையில் தூபத்தின் மணமும் மாட்சாவின் மணமும்தான் இருக்க வேண்டும்.

உட்காருவதும் எழுவதும்

தரையில் சப்பணமிட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது என்று நினைக்க வேண்டாம். மடக்கும் விதமே வேறு. வஜ்ராசனம் செய்து பழகியவர்களுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் சாதகம், அவ்வளவுதான். முழங்கால்களுக்கு நடுவே பெண்கள் ஒரு கைமுட்டி, ஆண்கள் இரண்டு கைமுட்டி இடைவெளி விட்டு, கால் பெருவிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உட்காருங்கள். எடையைச் சற்று முன்னால், தொடைப் பக்கம் கொண்டுவாருங்கள். குதிகால்மேல் முழு எடையையும் போட்டால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. வீட்டில் நாளுக்கு ஐந்து நிமிடமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம்.

உட்காருவதில் விபத்து நடப்பதில்லை, எழுவதில்தான் நடக்கிறது. மரத்த கால் பாதத்தைத் தூக்காது. அது தெரியாமல் ஊன்றினால் கணுக்கால் மடங்கிச் சுளுக்கும், கையில் கிண்ணம் இருந்தால் அதுவும் போகும். எழுவதற்கு முன்னால் இடுப்பை உயர்த்தி, கால்விரல்களை மடக்கி ஊன்றி, குதிகால்மேல் சில நொடிகள் இருங்கள். உணர்வு திரும்பிய பிறகு எழுங்கள். திரும்பாவிட்டால் 'சுமிமாசென்', அதாவது மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே இருக்கலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அவர்களுக்கும் மரத்திருக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல மன்றங்களில் காலுக்கு நடுவே வைக்கும் சிறு மணை இருக்கும்.

நடக்கும்போது பாயின் துணிக் கரையை மிதிக்காதீர்கள்.

விருந்தினராக இருப்பது

முதலில் கற்க வேண்டிய பாத்திரம் இதுதான். வரிசையில் முதலில் அமர்பவர் 'ஷோக்யாகு', தலைமை விருந்தினர். கிண்ணத்தைப் பற்றியும் சுவரில் தொங்கும் எழுத்தைப் பற்றியும் அவர்தான் கேள்வி கேட்டுப் பேச வேண்டும். கடைசியில் அமர்பவர் 'ஓத்ஸுமே'. காலியான பாத்திரங்களைத் திருப்பித் தரும் பொறுப்பு அவருக்கு. இரண்டு இடங்களும் புதியவருக்கு ஆகாதவை. வெளிநாட்டவர் என்ற மரியாதைக்காக முதலிடத்தைக் காட்டினால், 'ஹாஜிமேத்தே தெஸ்', அதாவது இதுதான் முதல்முறை என்று சொல்லி நடுவில் போய் உட்காருங்கள்.

இனிப்பு முதலில் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் 'ஓஸாகினி', உங்களுக்கு முன்பாக எடுத்துக்கொள்கிறேன், என்று சொல்லி வணங்குங்கள். காய்ஷியின் மடிப்புப் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி வைத்து, இனிப்பை அதில் எடுங்கள். இனிப்பை எடுக்கப் பயன்படுத்திய உண்குச்சிகளின் நுனியைத் தாளின் ஓரத்தில் துடைத்துவிட்டு, இனிப்புப் பாத்திரத்தோடு அடுத்தவருக்கு நகர்த்துங்கள். தேநீர் வருவதற்குள் இனிப்பைச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மாறி மாறிச் சாப்பிடும் வழக்கம் இங்கே கிடையாது. முடியாவிட்டால் தாளில் மடித்து எடுத்துப்போகலாம், விட்டுவிட்டுப் போகக்கூடாது.

சைவ உணவுக்காரர்களுக்கு: இந்த இனிப்புகளில் பெரும்பாலானவை பயறு விழுது, சர்க்கரை, அரிசி மாவு, கடற்பாசி ஆகியவற்றால் ஆனவை. கேக் போல உப்பியிருப்பவற்றில் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முழு விருந்தோடு நடக்கும் நிகழ்ச்சி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜப்பானியச் சாற்றின் அடிப்படை பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல்தான், காய்கறிச் சாறாகத் தெரிந்தாலும்.

கிண்ணம் வந்ததும் அடுத்தவரிடம் மீண்டும் 'ஓஸாகினி'. பிறகு தேநீர் அடித்தவரைப் பார்த்து 'ஓதெமாயே சோதாய் இதாஷிமாஸ்', அதாவது நீங்கள் அடித்த தேநீரைப் பெற்றுக்கொள்கிறேன், என்று வணங்குங்கள். வலக்கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, கிண்ணத்தைச் சற்று உயர்த்தித் தலை தாழ்த்துங்கள். பிறகு வலக்கையால் கடிகாரச் சுற்றில் இருமுறை திருப்புங்கள். கிண்ணத்தின் அழகான முகம் உங்களை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் வாய் வைக்காமல் விலக்குவதற்காகவே திருப்புகிறோம். கடைசி மிடறைச் சத்தம் கேட்கும்படி உறிஞ்ச வேண்டும். நம் வீடுகளில் இதற்குத் திட்டு விழும். இங்கே அதுதான் குடித்து முடித்ததற்கான அடையாளம், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிரில் இருப்பவர் அடுத்த வேலைக்கு நகர்வார். வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, விரலைக் காய்ஷியில் துடைத்து, கிண்ணத்தை எதிர்ச்சுற்றில் திருப்பிக் கீழே வையுங்கள். கிண்ணத்தை ரசிக்க விரும்பினால் முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, பாயிலிருந்து மிகத் தாழ்வாக வைத்துப் பாருங்கள். உயரத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் கிண்ணம் உடைய முதல் காரணம்.

துண்டு துண்டாகப் பயிற்சி

அடுத்த கட்டம் 'வாரிகேய்கோ'. முழுச் சடங்கையும் செய்யாமல் ஒவ்வோர் அசைவையும் தனியே பிரித்துப் பழகுவது. ஃபுகுஸாவை மடிப்பது, அரக்குப் பூசிய தேயிலைச் செப்பின் மூடியைத் துடைப்பது, 'சாஷாகு' என்னும் மூங்கில் கரண்டியை மூன்றுமுறை துடைப்பது, சாசெனை வெந்நீரில் நனைத்து அதன் கீற்றுகளைச் சோதிப்பது, ஈரத் துணியால் கிண்ணத்தை மூன்றரைச் சுற்று துடைப்பது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் எல்லாவற்றையும் வலக்கை முறைப்படிதான் செய்ய வேண்டும். பொருட்கள் வைக்கும் இடங்கள் அனைத்தும் அதற்கேற்ப அமைந்தவை.

ஃபுகுஸா மடிப்பில் பெரும்பாலும் தவறுவது துணியை இறுக்கிப் பிடிப்பதால். விரல்கள் துணியைப் பிடித்திருக்க வேண்டும், நசுக்கக் கூடாது. கண்ணாடியைப் பார்த்துப் பழகினால் இடம் வலம் குழம்பும். மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில், ஒரே திசை பார்த்து உட்கார்ந்து பழகுங்கள்.

இவை கைவந்த பிறகு 'போன்ர்யாகு தெமாயே'. ஒரு வட்டத் தட்டில் எல்லாப் பொருளையும் வைத்துச் செய்யும் எளிய முறை இது. குளிர்நீர்க் குடமோ நீண்ட அகப்பையோ வேண்டியதில்லை.

நுரை வராததற்கான காரணங்கள்

ஒருவருக்கு 2 கிராம் மாட்சா, அதாவது சாஷாகுவில் தாராளமாக ஒன்றரை முதல் இரண்டு அள்ளல். வெந்நீர் 60 முதல் 70 மி.லி., சுமார் 80 டிகிரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு ஏறும், ஆறியிருந்தால் நுரை எழாது. கிண்ணத்தை முன்னதாகச் சூடாக்காவிட்டால், சரியான சூட்டில் ஊற்றிய நீரும் ஆறிவிடும்.

சாசெனை வட்டமாகச் சுற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. மோர் கடைவது போலச் சுழற்றினால் தூள் கலங்கும், நுரை வராது. மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக, வேகமாக அடியுங்கள். முதலில் அடியில் படிந்த தூளைக் கலக்கிவிட்டு, பிறகு சாசென் கிண்ணத்தின் அடியில் உரசாதபடி சற்று உயர்த்துங்கள். உரசினால் கீற்றின் நுனி உடைந்து தேநீரில் விழும். கடைசியாக வேகத்தைக் குறைத்து, பெரிய குமிழிகளை நுனியால் உடைத்து, ஒரு வட்டம் வரைந்து நடுவிலிருந்து மேலே எடுங்கள். இருபது நொடிக்குள் முடிய வேண்டும்.

கட்டி கட்டியாக மிதந்தால் கையின்மேல் பழி போடாதீர்கள், சலிக்கவில்லை என்று பொருள். மாட்சா அரைத்த கணத்திலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்தும் அன்றே மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் உள்ளே ஈரம் பூக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

பின்கட்டு

'மிஸுயா' என்பது தேநீர் அறைக்குப் பின்னால் உள்ள ஆயத்த இடம். புதியவரை ஆசிரியர் எடைபோடுவது இங்கேதான், பாய்மேல் அல்ல. விதிகள் குறைவு, மீறினால் செலவு அதிகம். சாசெனுக்குச் சோப்பு போடாதீர்கள். வெந்நீரில் அலசி, பீங்கான் அச்சில் நிறுத்திக் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். சாஷாகுவைத் தண்ணீரில் கழுவவே கூடாது, மென்தாளால் துடைத்தால் போதும். அரக்குச் செப்பை ஊறவைக்காதீர்கள். ராகு வகைக் கிண்ணம் நீரை உறிஞ்சும் தன்மையது. பயன்படுத்துமுன் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முடிந்ததும் சில நாள் காற்றாட வைத்தபின்தான் பெட்டியில் கட்ட வேண்டும். இரும்புக் கெண்டியை வெறுங்கையால் தடவாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் கறை விழும். சூடாக இருக்கும்போதே நீரை ஊற்றிவிட்டு, மிச்சச் சூட்டிலேயே உலரவிட வேண்டும்.

எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதைக் கட்டவிழ்க்கும்போதே கவனியுங்கள். பெட்டிக் கயிற்றின் முடிச்சைக் கற்றுக்கொள்ள ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால், அந்த ஆண்டு முழுவதும் உங்களைத் தேடுவார்கள்.

விழா நாள்

பல்கலைக்கழக விழாவில் மன்றம் பொதுமக்களுக்குத் தேநீர் அமர்வு நடத்தும். எல்லோர் முன்னிலையிலும் அடிக்கப்படுவது ஓரிரு கிண்ணங்கள்தான். மற்ற விருந்தினர்களுக்கான தேநீர் பின்கட்டில் தயாராகி வரும். அந்த வேலை முதலாண்டு மாணவர்களுடையது. கிண்ணங்களை வெந்நீரில் சூடாக்கித் துடைப்பவர், தூள் போடுபவர், நீர் ஊற்றி அடிப்பவர், சுமந்துபோகிறவர் என்று ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எல்லாக் கிண்ணங்களையும் அடித்து வரிசையில் வைத்தால் நுரை அடங்கி, விருந்தினர் கைக்குப் போகும்போது பச்சைத் தண்ணீராக இருக்கும். முன்னறையில் உள்ளவர் கிண்ணத்தைச் சூடாக்கத் தொடங்கியதும் நீங்கள் அடிக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். சுமக்கும்போது கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் ஏறக்கூடாது.

அன்று கிமோனோ இரவலாகக் கிடைக்கும். உங்களுக்கு இடப்பக்கமுள்ள துணி மேலே வரும்படி மடிக்க வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. கிமோனோவில் அளவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இடுப்பில் மடித்துச் சரிக்கட்டலாம். 'தாபி' என்னும் பிளவுபட்ட வெள்ளைக் காலுறையில் அது நடக்காது. பாதத்தை அளந்து, அரை செ.மீ. வித்தியாசமும் இல்லாமல் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கிகளைக் கீழேயிருந்து மேலாக மாட்டுங்கள், இடுப்புப் பட்டை கட்டுவதற்கு முன்னாலேயே. கட்டிய பிறகு கணுக்கால்வரை குனிய முடியாது.